கடன் கொப்பியும் கணினிக் கோப்புறையும்

கடன் கொப்பி மேசை லாச்சியில் கிடந்த காலத்தில் சாவி யாரிடம் என்பது முதலாளிக்குத் தெரியும். இன்று அதே கணக்கு நம்மவர் சிலரின் அலுவலகங்களில் லினக்ஸ் கணினியின் பொதுக் கோப்புறையில் இருக்கிறது. 'திறக்குதில்லை' என்று கடைப் பொடியன் முறையிட்டால், கணினி பார்ப்பவர் 777 என்று தட்டிவிட்டுப் போகிறார். அதன் பிறகு அந்தக் கணினியில் பயனர் பெயருள்ள எவரும் அதில் எழுதலாம், அழிக்கலாம். இதை நான் வேலையாகவே மதிப்பதில்லை. கடனை எழுதி வைக்கும்படி அல்குர்ஆன் (2:282) கூறுகிறது. எழுதியதைக் காப்பதும் அதில் அடங்கும் என்பது என் எண்ணம்.

கணக்கெழுதுவோரை ஒரு குழுவாக்கி, கோப்புறையை அக்குழுவின் பெயருக்கு மாற்றி, 2770 கொடுக்கச் சொல்லுங்கள். முன்னாலுள்ள 2தான் முக்கியம். உள்ளே புதிதாக உருவாகும் கோப்பும் அதே குழுவுக்கே சேரும். அப்படியும் மற்றவரால் எழுத முடியாவிட்டால் யூமாஸ்க் 022 ஆக இருக்கிறதா என்று பார்த்து, 002 ஆக்க வேண்டும்.

ஒரு கோப்பை அழிக்கும் உரிமை கோப்பில் அல்ல, கோப்புறையில் இருக்கிறது. பலர் இதை அறியார். 2க்குப் பதில் 3 போட்டால் குழுவினர் ஒருவர் கோப்பை மற்றவர் திருத்தலாம், அழிக்க முடியாது. கோப்புறைச் சொந்தக்காரரும் நிர்வாகியும் மட்டும் விதிவிலக்கு.

எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் கொடுக்கும் பழக்கமும் வேண்டாம். பெயர்கள் தனித்தனியாக இருந்தால்தான் விலகிய பங்காளியை மட்டும் குழுவிலிருந்து நீக்கலாம். அவர் அந்நேரம் கணினிக்குள் நுழைந்திருந்தால், பெயரை நீக்கினாலும் பழைய உரிமை தொடரும். அவரது அமர்வையும் முடித்துவிட வேண்டும்.