முதுகுளத்தூர் கலகம் வெறும் ஜாதிச் சண்டைதானா?

1957-ஆம் வருஷத்து முதுகுளத்தூர் கலகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், நமது வத்திராயிருப்புப் பக்கத்தில் படித்தவரும் படியாதவரும் ஒன்று போலவே, "அது மறவருக்கும் தேவேந்திரருக்கும் பரம்பரையாக உள்ள பகை" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். மழை பெய்தது, இடி விழுந்தது என்பது போல ஜாதிச் சண்டையும் தானாகவே வருகிறதென்று நினைக்கிறார்கள் போலும்! அந்த வருஷத்துக் காரியங்களைத் தேதிவாரியாக வைத்துப் பார்த்தால் வேறு சங்கதி விளங்கும்.

அது பொதுத் தேர்தல் வருஷம். முத்துராமலிங்கத் தேவர் முதுகுளத்தூர் சட்டசபைத் தொகுதியிலும், நமக்குப் பக்கத்து ஊரின் பெயரைக் கொண்ட ஸ்ரீவில்லிபுத்தூர் பார்லிமெண்டுத் தொகுதியிலும் ஜெயித்தார். பார்லிமெண்டை வைத்துக்கொண்டு சட்டசபையை விட்டுவிட்டார். ஜூலை மாதம் இடைத்தேர்தல் வந்து, அவர் கட்சியைச் சேர்ந்த சசிவர்ணத் தேவர் ஜெயித்தார். தேவேந்திரர்களில் பெரும்பாலோர் காங்கிரசுக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். கலகம் அதிலிருந்துதான் மூண்டது. வயலில் குனிந்து நின்றவன் ஓட்டுப் பெட்டியின் முன் நிமிர்ந்து நின்றான். அதைப் பொறுக்க முடியவில்லை.

செப்டம்பர் 10-ந் தேதி கலெக்டர் சமாதான மாநாடு கூட்டினார். தேவேந்திரர் சார்பில் வந்தவர்களில் இம்மானுவேல் சேகரன் ஒருவர். பட்டாளத்தில் இருந்து வந்தவர், வயது 32. அவரைத் தமக்குச் சமமான பிரதிநிதியாகத் தேவர் ஒப்பவில்லை என்று அப்போது கூறப்பட்டது. மறுநாள் இரவு பரமக்குடியில் இம்மானுவேல் வெட்டிக் கொல்லப்பட்டார். 14-ந் தேதி கீழத்தூவலில் போலீசார் சுட்டு மறவர் 5 பேர் மாண்டார்கள். கலகக் கூட்டத்தைச் சுட்டோம் என்றது போலீஸ். பிடித்துக் கட்டி வைத்துச் சுட்டார்கள் என்றது எதிர்த் தரப்பு. கிராமம் கிராமமாய்க் குடிசைகள் எரிந்தன. 28-ந் தேதி தேவர் கைதானார். கொலை வழக்கில் 1959-ல் கோர்ட்டார் அவரை விடுதலை செய்துவிட்டார்கள். அதை நாம் மறைக்கவில்லை. நமது கேள்வி ஒரு தனி மனிதரைப் பற்றியதும் அல்ல.

மறவர் சமூகத் தோழர்களை ஒன்று கேட்கிறோம். வெள்ளைக்காரன் ரேகைச் சட்டம் என்று ஒன்றை வைத்து, பிறந்த ஜாதியைக் கொண்டே ஆளைத் திருடன் என்று பதிந்து, கைரேகை வாங்கி, ராத்திரியில் போலீஸ் ஸ்டேஷனில் ஆஜராகச் சொன்னானே, அந்த அவமானம் உங்கள் பாட்டன்மாருக்கு எப்படி இருந்திருக்கும்? அதை எதிர்த்துப் பாடுபட்டவர்களில் தேவர் முக்கியமானவர். 1947-ல் சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது. பிறப்பைக் கொண்டு ஒருவனைத் திருடன் என்பது அக்கிரமமானால், பிறப்பைக் கொண்டு இன்னொருவனைக் கீழ்ஜாதி என்பது மட்டும் எந்த ஊர் நியாயம்? பத்து வருஷத்துக்குள் மறந்து போகக்கூடிய பாடமா இது? 1939-ல் மதுரை மீனாட்சி கோயில் பிரவேசத்துக்குத் துணை நின்றவரும் அதே தேவர்தான். கல்லின் முன் சேர்ந்து நிற்கலாம், கலெக்டர் மேஜையின் முன் சேர்ந்து உட்காரக் கூடாது என்றால், கோயில் திறந்ததனால் என்னதான் திறந்துவிட்டது?

நிற்க. அதே 1957 மார்ச் 6-ந் தேதி மேற்கு ஆப்பிரிக்காவில் கானா தேசம் விடுதலை பெற்றது. அங்கேயும் குலப் பிரிவினைகள் உண்டு. என்குருமா சர்க்கார் அந்த வருஷக் கடைசியில், குலம், பிரதேசம், மதம் இவற்றின் பேரால் கட்சி நடத்தக் கூடாதென்று சட்டம் செய்தது. கேட்க இனிப்பாய்த்தான் இருக்கிறது. ஆனால் அடி விழுந்தது எதிர்க்கட்சிகளின் மேல். மறு வருஷமே விசாரணை இல்லாமல் 5 வருஷம் வரை சிறையில் போடும் சட்டமும் வந்தது.

இங்கே நடந்ததோ வேறு விதம். அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது, ஜாதியைத் தொடவில்லை. ஆகவே ஜாதியைக் காப்பாற்றும் பகுதிகளை நவம்பர் 26-ந் தேதி கொளுத்துங்கள் என்றார் பெரியார். குடிசைகள் எரிந்தபோது பழைய சட்டமே போதும் என்றிருந்த சர்க்கார், காகிதம் எரியப் போகிறதென்றவுடன் 3 வருஷ தண்டனையுடன் அவசர அவசரமாகப் புதுச் சட்டம் செய்தது!

இப்போது செப்டம்பர் 11-ல் பரமக்குடியிலும், அக்டோபர் 30-ல் பசும்பொன்னிலும் குருபூஜை நடக்கிறது. மனிதர்களாய் வாழ்ந்த இருவரையும் சாமியாக்கி, மாலையும் பால்குடமும் ஆகிவிட்டது. 2014-ல் தேவர் சிலைக்குச் சுமார் 13 கிலோ தங்கக் கவசம் செய்து சாத்தினார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்பு, 2011 செப்டம்பர் 11 அன்று, பரமக்குடியில் போலீஸ் மறுபடியும் சுட்டு உயிர்கள் போயின. ஓட்டுக்கு அலையும் கட்சித் தலைவர்கள் இரண்டு இடத்துக்கும் தவறாமல் போய் வணங்குகிறார்கள்.

ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலையில் எல்லா ஜாதியாரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து ஏறுகிறார்கள். தாணிப்பாறையில் இறங்கியதும் அவரவர் தெருவுக்குப் போய்விடுகிறார்கள். அந்தத் தெருக்களிலிருந்து குருபூஜைக்கு வேன் ஏறும் வாலிபர்களைக் கேட்டுப் பாருங்கள்: இம்மானுவேல் எதற்காக அந்தச் சமாதான மாநாட்டுக்கு வந்து உட்கார்ந்தார், கீழத்தூவலில் செத்த ஐந்து பேரின் பெயர் என்ன, அவர்கள் வீட்டில் பிறகு அடுப்பு எரிந்ததா என்று.