கொட்டுவது யார், அள்ளுவது யார்?

"கடலடிச் சேற்றில் இருக்கிற ஈயம், காட்மியத்தை எல்லாம் பாக்டீரியா தின்னு தீர்த்துடுமாமே, அண்ணே?" விருதுநகரில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரித் தம்பி கேட்டார்.

தீர்க்காது, தோழர்களே. எண்ணெய் கசிந்தால் பாக்டீரியா அதைச் சிதைத்துவிடும். உலோகம் தனிமம், அதை எந்த உயிராலும் அழிக்க முடியாது. வடிவம்தான் மாறும். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சில பாக்டீரியாக்கள் சல்பேட்டை சல்பைடாக்குகின்றன. சல்பைடு ஈயத்தோடும் காட்மியத்தோடும் சேர்ந்து, கரையாத பொருளாகப் படிகிறது. மீனுக்குள் போவது குறையும். நல்லதுதான். ஆனால் நஞ்சு அங்கேயேதான் கிடக்கிறது. தூர்வாரும்போது காற்றுப் பட்டால் மறுபடியும் கரையும்.

இதில் சிவகாசிக்கு என்ன வேலை? அர்ஜுனா நதி வைப்பாற்றில் சேர்கிறது. வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. இங்கே மண்ணில் கொட்டியது வெள்ளத்தோடு கடலுக்கும் போகும். பட்டாசில் பச்சை வெளிச்சம் தருவது பேரியம் நைட்ரேட். ஆலையில் அதைப் பச்சை உப்பு என்பார்கள். பட்டாசில் பேரியத்தை 2018இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. 2021இல் அதை மீண்டும் உறுதிசெய்தது. பேரியம் சல்பேட்டாகப் படிந்தால் எளிதில் கரையாது. ஆனால் ஈயத்தைக் கட்டிப்போடும் அதே வகை பாக்டீரியா, அந்தச் சல்பேட்டைப் பிரித்துப் பேரியத்தை அவிழ்த்துவிடும். ஒரு நஞ்சுக்குப் பூட்டு, இன்னொன்றுக்குச் சாவி!

நாங்கள் அறிவியலுக்கு எதிரிகள் அல்ல. 'நாங்கள் கொட்டுவோம், பாக்டீரியா பார்த்துக்கொள்ளும்' என்ற திமிருக்குத்தான் எதிரிகள். அசிங்கம் செய்பவன் ஒருவன், அள்ளுபவன் இன்னொருவன் என்ற ஏற்பாட்டைச் சாதி நமக்குத் தலைமுறை தலைமுறையாகக் காட்டியிருக்கிறது. கையால் மலம் அள்ளவைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அதன் பிறகும் நம் ஆட்கள் மலக்குழியில் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வேலூர் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது: மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். ஆகவே பாக்டீரியா திட்டத்தோடு யார் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். உலோகம் கடைசியில் எங்கே போகிறது? செலவு யாருடையது? கொட்டுவது நின்றுவிட்டதா?

நான்காவது கேள்வி எங்களுடையது. வெடிப்பொடிக்கு ஆலையில் பெயர் 'மருந்து'. அந்த மருந்தைக் கையால் அளைபவர்கள் நம் தெருக்காரர்கள். சேற்றைச் சோதிக்க ஆய்வகம் இருக்கிறது. அவர்கள் ரத்தத்தை எப்போது சோதிப்பீர்கள்?