பயங்கர அழகு பிழையா?

ஜோகுபாளையத்துச் சிறுமி ஒருத்தி ஆங்கிலப் பாடத்தில் ‘டெரிபிளி சாரி’ என்றெழுதி முழு மதிப்பெண் பெற்றாள். அதே வாரம் தமிழ்க் கட்டுரையில் ‘பயங்கர அழகு’ என்றெழுதியதற்குச் சிவப்புக் கோடு விழுந்தது. இரண்டும் அச்சத்தில் பிறந்து, மிகுதியைக் குறிக்க வந்த சொற்களே.

மிகுதிச் சொற்கள் தம் முதற்பொருளை உதிர்ப்பது மொழிகளின் இயல்பு. ஆங்கில ‘வெரி’ முன்பு ‘உண்மையான’ என்று பொருள்பட்டது. நம் ‘ரொம்ப’, ‘நிரம்ப’ என்பதன் திரிபு. எங்கள் தெருக் கன்னடர் சொல்லும் ‘தும்பா’வும் நிரம்புதலைக் குறிக்கும் வினையின் வழி வந்ததே. தொல்காப்பியர் உறு, தவ, நனி என மூன்றைச் சொன்னார். நன்னூலார் சால, கூர், கழி சேர்த்து ஆறாக்கினார். பட்டியல் வளர்வதை இலக்கணமே ஏற்றுள்ளது.

எது எதனோடு சேரும் என்பதை வகுப்பது வழக்கு. ‘சாலச் சிறந்தது’ என்கிறோம். ‘சாலக் கெட்டது’ என்பதில்லை. ‘டீப்லி சாரி’ உண்டு. ‘ஹைலி சாரி’ இல்லை. அந்த இணக்கத்தைக் கற்பிப்பதே ஆசிரியர் பணி. கட்டுரைக்குப் ‘பேரழகு’, பேச்சுக்குப் ‘பயங்கர அழகு’ என்று சொல்லிக்கொடுங்கள். தமிழை வீட்டில் மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை, அச்சிவப்புக் கோடு தன் தாயின் பேச்சின்மேல் விழுந்ததாகவே எண்ணும்.