வேதாரண்யம் போகும் வழியில்

நாகையிலிருந்து வேதாரண்யத்துக்குக் கடலோரச் சாலையில் உழவர் குழுவாகப் போகிறோம், எதைப் பார்க்கலாம் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கோடியக்கரை வெளிமானையும் அகஸ்தியன்பள்ளி உப்பளத்தையும் எல்லோரும் பார்ப்பார்கள். உழவர்கள் வேனை நிறுத்திப் பார்க்க வேண்டியது மணல் தோட்டத்துக் குட்டைகளை. மணலில் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. ஆழமாகத் தோண்டினாலோ மோட்டாரை நாள் முழுக்க ஓட்டினாலோ அடியிலுள்ள உப்பு மேலேறிவிடும். நல்ல மழை வந்தால்தான் தணியும். 2018 நவம்பர் 16-ல் கஜா சாய்த்த தென்னைகளுக்குப் பதிலாக வைத்த கன்றுகளும் இந்தப் படலத்தை நம்பித்தான் நிற்கின்றன.

கடலோரத்தில் போர் போட நினைப்பவர்கள் முதலில் பக்கத்துக் கிணற்று நீரைப் பரிசோதிக்கக் கொடுப்பது நல்லது. மின்கடத்துதிறன் 3 டெசிசீமன்சைத் தாண்டினால் உப்பைத் தாங்காத பயிர் அங்கே தேறாது.