ஜெர்மனியில் படிப்பு இலவசம், உள்ளே நுழையத்தான் 12 லட்சம்

"ஜெர்மனியில காலேஜ் ஃபீஸே கிடையாதாம்டா" என்று இனி யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். கம்பம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலிருந்து மதுரை கன்சல்டன்சி நோட்டீஸ் வரை எல்லோரும் சொல்வது இந்த ஒரு வரியைத்தான். பொய் என்று சொல்ல முடியாது. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் நம்மைப் போன்றவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. அது மாதிரி சிலதை விட்டுவிட்டால், அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ஃபீஸ் இல்லைதான்.

வாசலில் என்ன கேட்கிறார்கள் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

வாசலில் கேட்பது 11,904 யூரோ. 2024 செப்டம்பரில் வந்த கணக்கு இது. 2019 தொடக்கத்தில் 8,640 யூரோவாக இருந்தது. இந்தப் பணத்தை விசா வாங்கும் முன்பே 'பிளாக்டு அக்கவுண்ட்' என்ற ஒன்றில் மொத்தமாகப் போட்டுவிட வேண்டும். பணம் நம்முடையது, பூட்டு அவர்களுடையது. அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ மட்டும் எடுக்கலாம். யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 12 லட்சம். இது போக ஏ.பி.எஸ். சான்றிதழ் (2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம், 18,000 ரூபாய்), விசாவுக்கு 75 யூரோ, இன்சூரன்ஸ், டிக்கெட். போய் இறங்கியதும் முகவரிப் பதிவு, வெளிநாட்டவர் அலுவலகம், ரெசிடென்ஸ் பர்மிட். பர்மிட்டைப் புதுப்பிக்கப் போனால் "அடுத்த வருஷத்துக்குப் பணம் எங்கே?" என்று மறுபடி முதலிலிருந்து.

சின்னமனூர்ப் பக்கத்து நண்பன் ஒருவனுக்கு அட்மிஷன் லெட்டரே வந்துவிட்டது. மெக்கானிக்கல், நல்ல மார்க். அப்பாவுக்கு இரண்டரை ஏக்கர் திராட்சைத் தோட்டம், சொந்தக் கிணறு. ஊரில் அவர்களை யாரும் ஏழை என்று சொல்ல மாட்டார்கள். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக ஈடு கேட்பார்கள் என்பதால் தோட்டத்துப் பத்திரத்தோடு பேங்குக்குப் போனார்கள். "விவசாய நிலம் வேண்டாம் சார், டவுனில் வீடு இருக்கா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார் மேனேஜர். அவரைத் திட்டிப் புண்ணியமில்லை. 2002-ல் வந்த சர்ஃபாசி சட்டம் 31-வது பிரிவில் விவசாய நிலத்துக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. கோர்ட்டுக்குப் போகாமல் பேங்க் அதை எடுத்து விற்க முடியாது. விவசாயியைக் காப்பாற்ற எழுதிய விதி, விவசாயி மகனின் விசாவில் வந்து இடிக்கிறது!

இப்போது என்னை உண்மையிலேயே கடுப்பேற்றும் விஷயத்துக்கு வருகிறேன். இந்த 992 எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜெர்மன் அரசு தன் நாட்டு வசதியில்லாத மாணவனுக்கு 'பாஃபெக்' என்று ஒரு உதவித்தொகை தருகிறது. அதன் உச்ச அளவு மாதம் 992 யூரோ. பாதி இனாம், பாதி வட்டியில்லாக் கடன். திருப்பிக் கட்டுவதும் 10,010 யூரோவுக்கு மேல் போகாது. அங்கே இல்லாதவனுக்கு இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று போட்ட தொகையைத்தான் இங்கே இருக்கிறவனிடமும் இல்லாதவனிடமும் "முன்கூட்டியே எடுத்து வை" என்கிறார்கள்.

"பணமில்லாமல் போய்த் தெருவில் நிற்பாயா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாடகை, சாப்பாடு எல்லாம் அங்கே யானை விலை. ஆனால் அதே அரசுதான் மாணவன் வருடத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம் என்று 2024 மார்ச்சிலிருந்து அனுமதிக்கிறது. 2025-ன் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. நாளுக்கு எட்டு மணி நேரம் என்று பெருக்கிப் பாருங்கள், 14,358 யூரோ வருகிறது. வேலை உடனே கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். அதனால் முதல் ஆறு மாதத்துக்குப் பணம் காட்டச் சொல்லட்டுமே! ஒரு வருடத்துக்கும் சேர்த்து ரொக்கமாகக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஸ்காலர்ஷிப் கிடைக்கலாம். அல்லது ஜெர்மனியில் வசிக்கும் ஒருவர் "இவன் செலவுக்கு நான் பொறுப்பு" என்று எழுதிக் கொடுக்கலாம். நமக்குச் சொந்தக்காரர்கள் குமுளிக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இருப்பார்கள். மியூனிக்கில் யார் இருக்கிறார்கள்?

எல்லை என்றால் என்னவென்று இந்தப் பள்ளத்தாக்குக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தினமும் விடியலில் ஜீப் ஜீப்பாக நம் அம்மாக்களும் அத்தைகளும் கம்பம்மெட்டு, போடிமெட்டு ஏறி இடுக்கிக்கு வேலைக்குப் போகிறார்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் அந்த வழி அடைபட்டதும், 2020-ல் இ-பாஸ் கேட்டதும் இங்கே எத்தனை அடுப்பை அணைத்தது என்று நமக்குத் தெரியும். (அணை கட்ட வந்த பென்னிகுவிக்கிடம் யாரும் பேங்க் ஸ்டேட்மெண்ட் கேட்கவில்லை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம கம்பம் பன்னீர் திராட்சைக்கு இங்கிலீஷில் 'மஸ்கட் ஹாம்பர்க்' என்று பெயர். ஹாம்பர்க் எந்த நாட்டில் இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் :-) )

ஜெர்மனிக்கு ஆள் வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. 2024 அக்டோபரில்தான், இந்தியத் திறன் தொழிலாளர்களுக்கான விசாவை வருடத்துக்கு 20,000-லிருந்து 90,000 ஆக்குவதாக அறிவித்தார்கள். ஆள் வேண்டும், ஆனால் அப்பன் கையில் ரொக்கம் இருக்கிற ஆளாக வேண்டும்!

நண்பனின் அப்பா தோட்டத்தில் பாதியை விற்கிறேன் என்றார். அவன்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். இப்போது கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் இருக்கிறான். ஏ.பி.எஸ். சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருக்கிறான். அதற்குக் கட்டிய 18,000 ரூபாய் திரும்ப வராதாம்.