வாசல்வரை வந்து திரும்பலாமா?

மார்கழி மாதம். பகல் 2 மணி. சென்னையில் ஒரு சபா வாசல்.

உள்ளே இருந்து வயலின் சத்தம் வருகிறது. வெளியே ஒரு குடும்பம் நிற்கிறது. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். ஞாயிற்றுக்கிழமை என்று கடற்கரைக்குக் கிளம்பியவர்கள். வழியில் வாழை மரமும் தோரணமும் கண்ணில் பட்டதால் நின்றுவிட்டார்கள்.

"ஏங்க, உள்ளே போய்ப் பார்க்கலாமா?" என்கிறாள் மனைவி.

"சும்மா வா. இதெல்லாம் பெரிய இடம். டிக்கெட் எவ்வளவோ! உள்ளே போனால், உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பான்" என்கிறான் கணவன்.

அவ்வளவுதான். நடையைக் கட்டிவிடுகிறார்கள்.

அந்த நேரத்துக் கச்சேரிக்கு டிக்கெட்டே கிடையாது! யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். உள்ளே பாதி நாற்காலி காலி!

இப்படி வாசல்வரை வந்து திரும்பும் குடும்பங்கள் சென்னையில் எத்தனையோ. கையில் காசு இல்லாததால் அல்ல. மனதில் இருக்கும் கூச்சத்தால்.

"நமக்கெல்லாம் இது எதற்கு?" என்ற ஒரு கேள்விதான் அவர்களைத் திருப்பி அனுப்புகிறது. வாசலில் நிற்கும் காவல்காரர் அல்ல.

பகலில் பணம் வேண்டாம்

மார்கழி இசை விழா இன்று நேற்று வந்தது அல்ல. 1927ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியது. அதோடு சேர்த்து இசை மாநாடு ஒன்றும் நடந்தது. அதன் பயனாக, 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. டிசம்பர் கச்சேரி என்ற வழக்கம் அங்கிருந்து வளர்ந்தது. இப்போது மயிலாப்பூர், தியாகராய நகர், திருவல்லிக்கேணி என்று எங்கு பார்த்தாலும் மார்கழியில் சபாக்கள் களை கட்டுகின்றன.

2017இல் யுனெஸ்கோ நிறுவனம், இசைக்குப் பெயர் பெற்ற உலக நகரங்களின் வரிசையில் சென்னையையும் சேர்த்தது.

உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. சென்னைவாசிகளில் பலர்தான், இது தங்களுக்கும் சொந்தம் என்று இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை!

மாலையில் பெரிய வித்வான்கள் பாடும் கச்சேரிக்குப் பணம் வேண்டும். சில நூறு ரூபாய் ஆகும். அதற்கு மேலும் ஆகும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது கட்டாது. உண்மைதான்.

ஆனால் பகல் கச்சேரி? பல சபாக்களில் அது இலவசம். பாடுகிறவர்கள் இளைஞர்கள். இன்று காலி நாற்காலிகளின் முன்னால் பாடும் பையன், பத்து ஆண்டு கழித்து மாலை மேடையில் இருப்பான். அப்போது அவனைக் கேட்க வரிசையில் நிற்க வேண்டும். இப்போது முன்வரிசையிலேயே உட்கார்ந்து கேட்கலாம்!

அந்தப் பையனுக்கும் அது உதவி. காலி நாற்காலிக்குப் பாடுவது எவ்வளவு கஷ்டம் என்பது பாடுகிறவனுக்குத்தான் தெரியும்.

"சங்கீதம் தெரியாதே!"

இது அடுத்த தடை. "ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. போய் என்ன செய்வது?" என்று கேட்பவர்கள் உண்டு.

கச்சேரி என்ன பரீட்சையா? வெளியே வரும்போது யாராவது மார்க் போடுகிறார்களா?

கடம் வாசிக்கும் இடத்தைப் பாருங்கள். அது மண் பானை. மானாமதுரையில் செய்யும் கடத்துக்குப் பெயர் அதிகம். தண்ணீர்ப் பானையைப் போலவே இருக்கும் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, ஒருவர் பத்து விரலாலும் மழை பெய்வதுபோல் சத்தம் எழுப்புகிறார். இதை ரசிக்கப் படிப்பு எதற்கு? ஆறு வயதுக் குழந்தை வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கச்சேரியின் நடுவே பாட்டு நின்று, மிருதங்கமும் கடமும் மட்டும் போட்டி போட்டு முழங்கும். அதற்குத் 'தனி ஆவர்த்தனம்' என்று பெயர். அந்த நேரம் பார்த்து, சங்கீதம் தெரிந்த பெரியவர்கள் பலர் எழுந்து விடுவார்கள். எங்கே போகிறார்கள்? கேன்டீனுக்கு! காப்பி ஆறிவிடுமாம்!

தெரிந்தவர் எழுந்து போகிறார். தெரியாத குழந்தை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. இதில் ரசிகர் யார்?

கேன்டீனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடையும் அவியலும் வாழைப்பூ வடையும் பிரமாதமாக இருக்கும். சாப்பிடுவதற்கென்றே வருகிறவர்களும் உண்டு. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. விலைதான் கொஞ்சம் கூடுதல். இரண்டு வடை வாங்கி நாலு பேர் பங்கு போட்டுக் கொண்டால் போயிற்று.

பாட்டின் மொழி புரியவில்லை என்பது சிலருக்குக் குறை. நியாயமான குறைதான். தெலுங்கும் சமஸ்கிருதமும் மேடையை நிறைத்துக்கொண்டதால் எழுந்ததுதான் தமிழிசை இயக்கம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முயற்சியால் 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் அமைந்தது. பாரிமுனைப் பக்கம் இருக்கும் ராஜா அண்ணாமலை மன்றம் அதன் இடம். அங்கே விழாவில் தமிழ்ப் பாட்டே கேட்கலாம். வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்துக் குடும்பங்களுக்கு அது கூப்பிடு தூரம்.

தெருவே மேடை

சரி, மண்டபத்துக்குள் போகக் கூச்சமாகவே இருக்கிறது. அப்படியானால் தெருவுக்குப் போகலாமே! தெருவுக்கு ஏது கதவு?

ஜனவரி மாதம் மயிலாப்பூரில் நான்கு நாள் விழா நடத்துவது வழக்கமாகிவிட்டது. அதில் கோலப் போட்டிதான் உயிர். வடக்கு மாட வீதியில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். ஆளுக்கு ஓர் இடம். பாட்டியும் பேத்தியும் பக்கத்துப் பக்கத்தில் குந்திப் புள்ளி வைப்பார்கள். பஸ் ஓடிய தார் ரோடு, ஒரு மணி நேரத்தில் வெள்ளைக் கம்பளம் விரித்ததுபோல் ஆகிவிடும்.

யார் பரிசு வாங்கினார் என்பதை மறந்துவிடலாம். ஒரு கோலத்தில் புள்ளி தப்பி, அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் அழித்துவிட்டு மறுபடி போடும் அழகு இருக்கிறதே, அதைப் பார்க்கத்தான் கூட்டம்!

அதே மயிலாப்பூரில், லஸ் பக்கம் நாகேசுவரராவ் பூங்கா இருக்கிறது. அமிர்தாஞ்சன் தைலத்தைத் தந்த காசிநாதுனி நாகேசுவரராவ் பெயரால் அமைந்த பூங்கா. அங்கே சிறுவர் சிறுமியர் பாடும் கச்சேரி பல ஆண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. மைக் கிடையாது! ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்க வந்தவர்கள் அப்படியே நின்று கேட்பார்கள். பக்கத்து மரத்தில் காக்கையும் கூடவே பாடும். குழந்தை கொஞ்சம் தவறினால், யாரும் முகம் சுளிப்பதில்லை.

பொங்கல் சமயத்தில் 'சென்னை சங்கமம்' வேறு. 2007இல் தொடங்கியது. நடுவில் சில ஆண்டுகள் நின்று போயிருந்தது. 2023இல் அரசு அதை மறுபடி தொடங்கியது. பூங்கா, மைதானம், கடற்கரை என்று பல இடங்களில் கரகம், காவடி, ஒயிலாட்டம், பறையாட்டம், பொய்க்கால் குதிரை எல்லாம் வந்து இறங்கின. டிக்கெட் இல்லை. பல மாவட்டங்களிலிருந்து வரும் கலைஞர்களுக்கு இது சோற்றுப் பிரச்சினை. பட்டணத்தில் கூட்டம் கூடினால்தான், அடுத்த ஆண்டும் அழைப்பு வரும்.

போய்வரச் செலவு? 2021 மே மாதம் முதல், சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்கள் டிக்கெட் இல்லாமல் போக வழி செய்யப்பட்டது. வீட்டில் பாதிப்பேருக்குச் செலவு மிச்சம். ஆண் பிள்ளைகள் வேண்டுமானால் வீட்டில் இருக்கட்டும்!

குப்பத்துக்கு வந்த பாட்டு

கூச்சம் ஏழைகளுக்கு மட்டும்தானா? இல்லை. அந்தப் பக்கமும் உண்டு.

பெசன்ட் நகர்க் கடற்கரை ஓரமாக இருப்பது ஊரூர் ஆல்காட் குப்பம். மீனவர் வாழும் இடம். கடற்கரைக்குக் காற்று வாங்க வருவோர் அதன் அருகே வருவார்கள். உள்ளே நுழைவதில்லை.

2015இல் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சமூக ஊழியர் நித்யானந்த் ஜெயராமன் ஆகியோர் குப்பத்து மக்களோடு சேர்ந்து அங்கே விழா நடத்தினார்கள். கர்நாடக சங்கீதமும் பரதமும் பறையாட்டமும் ஒரே மேடையில்! பட்டுப் புடவைக்காரர்களும் வலை பின்னுகிறவர்களும் ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

"குப்பத்தில் சங்கீதமா?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். "இவர்களுக்கு இது புரியுமா?" என்றும் கேட்டார்கள். பட்டுப் புடவைக்காரர்களுக்குப் பறை புரியுமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை!

அந்த விழாவால் சாதி ஒழிந்துவிட்டதா, ஏழ்மை ஒழிந்துவிட்டதா என்று குறுக்குக் கேள்வி போடலாம். ஒழியவில்லை. ஒரு விழாவால் அது ஆகாது. ஆனால் எத்தனையோ ஆண்டுகளாகப் பக்கத்தில் இருந்தும் பார்க்காத ஒரு தெருவை, சிலர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து பார்த்தார்கள். அது சின்ன விஷயமா?

ஆடி மாதம் அம்மன் கோயில் வாசலில் கூழ் ஊற்றுகிறார்கள். பங்குனியில் மயிலாப்பூரில் அறுபத்துமூவர் ஊர்வலம் வருகிறது. அங்கே போக யாருக்காவது கூச்சம் உண்டா? பாத்திரத்தைத் தூக்கிக் கொண்டு ஓடுகிறார்கள். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு போகிறார்கள். ஏன்? "இது நம்முடையது" என்ற நினைப்பு. சபா வாசலில் இல்லாமல் போவது அந்த நினைப்புதான்.

சோபா யாருக்கு?

மக்களைக் குறை சொன்னால் மட்டும் போதுமா? விழா நடத்துகிறவர்களுக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

இலவச விழா என்கிறார்கள். போய்ப் பார்த்தால், முன்னால் மூன்று வரிசை சோபா. அதில் 'முக்கியஸ்தர்களுக்கு' என்று அட்டை. அவர்கள் வருவது 8 மணிக்கு. போவது 8.15க்கு! மீதி நேரம் முழுவதும் சோபா சும்மா கிடக்கிறது. சின்னக் குழந்தைகள் கயிற்றுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக் காலை நோகடித்துக் கொள்கிறார்கள். அந்தச் சோபாவைத் தூக்கிவிட்டு ஜமுக்காளம் விரித்தால் நூறு குழந்தைகள் உட்காரலாம்.

இன்னொன்று, அறிவிப்பு. நிகழ்ச்சி நிரலை ஆங்கிலத்தில் மட்டும் அச்சடித்தால், இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு தாய்க்கு எப்படித் தெரியும்? பெரிய தமிழ் எழுத்தில் நாலு வரி போதும். என்ன நிகழ்ச்சி, எந்த இடம், எத்தனை மணி, "அனுமதி இலவசம்". இதை ரேஷன் கடைச் சுவரிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டட்டும். செல்போனில் செய்தி அனுப்பினோம் என்பது, செல்போன் பார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் ஆகும்.

சபாக்காரர்கள் வாசலில் ஒரு பலகை வைக்கலாம். "இப்போது நடக்கும் கச்சேரிக்கு டிக்கெட் இல்லை. உள்ளே வாருங்கள்" என்று எழுதினால் மை தீர்ந்தா போகும்?

பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆட்டம் தொடங்கியதும் செல்போனைத் தலைக்குமேல் தூக்கிப் படம் எடுக்க வேண்டாம். பின்னால் நிற்பவருக்குத் தெரிவது உங்கள் கையும் போனும்தான். வீட்டுக்குப் போய் அந்தப் படத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

குழந்தைகளை முன்னால் விடுங்கள். பொய்க்கால் குதிரை வருகிற இடத்தில் குழந்தை முன்னால்தான் இருக்க வேண்டும். ஆடுகிறவர் காலில் கட்டை கட்டியிருப்பார். இடுப்பில் குதிரைக் கூடு. ராஜா குதிரையில் வருவதாகவே தோன்றும். மேளம் வேகம் எடுக்க எடுக்கக் குதிரை துள்ளும். கட்டைக்கால் தரையில் படும் 'டக் டக்' சத்தம் முன்னால் இருப்பவருக்குத்தான் கேட்கும்.

ஆட்டம் முடிந்ததும் பெரியவர்கள் கலைந்துவிடுவார்கள். உடனே கிளம்பாதீர்கள். மேடைக்குப் பின்னால் ராஜா உட்கார்ந்து, கட்டையை அவிழ்த்து வைத்துவிட்டு டீ குடிப்பார். வீங்கிய காலைத் தடவிக் கொள்வார். "மாமா, வலிக்குதா?" என்று ஒரு குழந்தை கேட்கும். அவர் சிரித்துக்கொண்டே கட்டையை எடுத்து நீட்டுவார், தொட்டுப் பார்க்கச் சொல்லி.