ரவுண்டானாவா, சிக்னல் விளக்கா?

நான்கு சாலைகள் கூடும் இடத்தில் நான்கு திசைகளிலிருந்தும் வண்டிகள் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தால், எது முன்னே செல்வது, எது நின்று வழிவிடுவது? பார்வைக்கு இஃது அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆயினும் 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சாலை விபத்துகளில் மாண்டோர் தொகை ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. ஒரு பெரும் யுத்தத்தின் சேதத்தை ஒக்கும் தொகை இது. ஆகவே, சந்திப்புகளை எவ்விதம் அமைப்பது என்பதைப் பற்றி மேல்நாடுகளில் நெடுங்காலமாக நடந்துவரும் விவாதத்தை நமது வாசகர்கள் கவனிப்பது அவசியமென்று கருதுகிறோம்.

விவாதத்தில் இரு கட்சிகள் உண்டு. சிவப்பும் பச்சையுமாக விளக்கேற்றி வண்டிகளை நிறுத்தியும் விடுத்தும் நடத்துவதே முறை என்பது ஒரு கட்சி. சந்திப்பின் நடுவே மேடை கட்டி, அதைச் சுற்றி வண்டிகளை ஒரே திசையில் ஓடச் செய்தால் போதும் என்பது மற்றொரு கட்சி. இவ்வட்டத்தைத் தமிழ் மக்கள் தங்கள் வாய்க்கு இசைந்தபடி ‘ரவுண்டானா’ என்று வழங்குகிறார்கள். இவ்விரு கட்சிகளுக்கும் நடுவே மூன்றாவது குரல் ஒன்றும் கேட்கிறது. “ரவுண்டானா நல்லதுதான், ஆனால் எங்கள் ஜனங்களுக்கு அது ஒத்துவராது. பொறுமையும் ஒழுங்கும் பிறவியிலேயே அமைந்த இங்கிலீஷ்காரனுக்குத்தான் அது தகும்” என்பதே அக்குரல். அமெரிக்காவில் இவ்வாதம் பல ஆண்டுகள் செல்வாக்குடன் விளங்கிற்று. இவ்வாதம் மெய்தானா என்பதே நாம் இன்று ஆராயப் புகும் விஷயம்.

விளக்கின் சரித்திரம் பழையது. 1868-ஆம் ஆண்டு டிசம்பரில் லண்டன் நகரில் பார்லிமெண்டு மாளிகையின் அருகே, ரெயில்வே கைகாட்டியைப் போன்ற மரம் ஒன்று நாட்டப்பட்டது. பகலில் அதன் கைகள் நீண்டு வண்டிகளை நிறுத்தின. இரவில் காஸ் விளக்கின் சிவப்பும் பச்சையும் அவ்வேலையைச் செய்தன. மறு மாதமே காஸ் வெடித்து, அதனை இயக்கி நின்ற போலீஸ்காரர் படுகாயமுற்றார். அத்துடன் அம்முயற்சி கைவிடப்பட்டது. பிறகு 1914-இல் அமெரிக்காவின் கிளீவ்லண்டு நகரில் மின்சார விளக்கு வந்தது. அதன் பின்னர் உலகம் முழுவதும் அது பரவியதை விவரிக்க வேண்டியதில்லை.

வட்டத்தின் சரித்திரமும் ஏறக்குறைய அதே காலத்தில் தொடங்குகிறது. நியூயார்க் நகரில் வில்லியம் ஈனோ என்பவரின் யோசனைப்படி 1905-இல் கொலம்பஸ் வட்டத்தில் வண்டிகள் ஒரே திசையில் சுற்றிச் செல்ல ஏற்பாடாயிற்று. 1907-இல் பாரிஸ் நகரின் எத்துவால் சதுக்கத்திலும் இம்முறை அமலுக்கு வந்தது. அதற்கு வழிகாட்டியவர் யூஜேன் எனார் என்ற சிற்ப நிபுணர். ஆனால் இந்த ஆரம்ப வட்டங்களில் ஒரு பெருங்குறை இருந்தது. வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்ற பொது விதியே அங்கும் செல்லுபடியாயிற்று. வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்லும் அத்தேசங்களில், வட்டத்துக்குள் புதிதாக நுழைபவருக்கே இதனால் முன்னுரிமை கிடைத்தது. உள்ளே இருப்பவர் நின்றார். வெளியே இருந்தவர் மேலும் மேலும் புகுந்தார். கூட்டம் மிகுந்தபோது எவரும் வெளியேற முடியாமல் வட்டம் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. அமெரிக்கர் வட்டங்களை வெறுத்து விளக்குகளைத் தழுவியதற்கு இதுவே முக்கிய காரணம்.

இங்கிலாந்தின் கதி என்ன? ‘பிறவி ஒழுங்கு’ வாய்ந்தவர் என்று புகழப்படும் அந்த இங்கிலீஷ்காரர்களும் யார் யாருக்கு வழிவிடுவது என்ற தெளிவான விதி இல்லாத வரையில் தங்கள் வட்டங்களில் முட்டி மோதிக்கொண்டுதான் கிடந்தார்கள். 1966 நவம்பரில் அங்கே ஒரு விதி வந்தது. வட்டத்துக்குள் நுழைபவர், ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழிவிட வேண்டும்; அவ்வளவே. அவ்விதிக்குப் பின் வட்டம் தன்னைப் பூட்டிக்கொள்வது ஒழிந்தது. அதே இடத்தில் முன்னைவிட அதிக வண்டிகள் செல்லலாயின. சர்க்கார் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிராங்க் பிளாக்மோர் என்ற இஞ்சினீயர் இதன் மேல் மேலும் பரிசோதனைகள் நடத்திச் சிறு வட்டங்களை உண்டாக்கினார். 1972-இல் ஸ்விண்டன் நகரில் ஐந்து சிறு வட்டங்களை ஒரு பெரு வட்டத்தைச் சுற்றிக் கோத்த விசித்திரச் சந்திப்பு அமைந்தது. கண்டவர் மலைக்கும் அச்சந்திப்பு இன்றும் வேலை செய்கிறது.

இதில் நாம் காண வேண்டியது யாது? 1966-க்கு முன்பும் பின்பும் இங்கிலீஷ்காரரின் இரத்தம் மாறவில்லை; விதி மாறியது. விதி தெளிவாக இருந்தபடியால் வழக்கம் அதனைப் பின்பற்றி வந்தது. பின்னால் வந்தவர் அவ்வழக்கத்தை மட்டும் கண்டு, அதற்குத் ‘தேசிய குணம்’ என்று பெயரிட்டுவிட்டனர்.

பிரெஞ்சு தேசத்தின் அனுபவமும் இதனையே வலியுறுத்துகிறது. அத்தேசத்தார் சாலையில் அவசரக்காரர் என்று பெயரெடுத்தவர்கள். ஆனால் 1983-இல் அவர்களும் விதியை மாற்றி, உள்ளே சுற்றுபவருக்கே முன்னுரிமை என்று சட்டம் செய்தார்கள். அதன் பின்னர் அங்கே வட்டங்கள் பல்லாயிரமாகப் பெருகின. உலகில் வேறெந்தத் தேசத்திலும் அவ்வளவு இல்லை என்று சொல்லும்படி ஆகிவிட்டது. பன்னிரண்டு சாலைகள் கூடும் எத்துவால் சதுக்கத்தில் மட்டும் பழைய விதியே இன்றும் நிலைத்திருக்கிறது; அங்கு வண்டி ஓட்டுவோர் படும் பாட்டை உலகமே அறியும். ஒரே நகரம், ஒரே ஜனங்கள். விதி வேறானதும் நடத்தையும் வேறாகிறது. இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டியதில்லை. அந்த வட்டங்கள் அரசியலிலும் இடம்பெற்றதை நமது வாசகர்கள் அறிவார்கள். 2018 நவம்பரில் எரிபொருள் வரியை எதிர்த்து எழுந்த மஞ்சள் சட்டைக்காரர்கள் கூடாரமடித்துக் கூட்டம் போட்டது இந்த ரவுண்டானாக்களில்தான். ஊர் ஊருக்கு வட்டம் இருந்தபடியால் ஊர் ஊருக்குப் போராட்டக்களமும் அமைந்துவிட்டது!

நிற்க. வட்டத்தில் விபத்து குறைவதற்குக் காரணம் என்ன? நான்கு சாலைகள் நேருக்கு நேர் வெட்டும் சாதாரணச் சந்திப்பில் வண்டிகளின் பாதைகள் ஒன்றோடொன்று மோதக்கூடிய இடங்கள் 32. ஒரே வரிசையுள்ள வட்டத்தில் அவை எட்டுதான். அந்த எட்டிலும் குறுக்கே வெட்டிச் செல்லும் இடம் ஒன்றுகூட இல்லை. மேலும், வளைந்து செல்ல வேண்டியிருப்பதால் எத்தகைய அவசரக்காரனும் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். வேகம் பாதியானால் மோதலின் சக்தி நான்கில் ஒரு பங்காகிவிடும் என்பது பௌதிக சாஸ்திரம். விளக்குச் சந்திப்பிலோ, பச்சையைக் கண்டவன் முழு வேகத்தில் பாய்கிறான். சிவப்பை மதியாத ஒருவன் குறுக்கே வந்துவிட்டால் விலாவில் இடித்து உயிரைக் குடிக்கிறான். அமெரிக்காவில் இவ்விதம் சிவப்பு விளக்கை மீறியதால் நேர்ந்த விபத்துகளில் அண்மை ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு ஆயிரம் பேருக்கு மேல் மாண்டிருக்கிறார்கள். விளக்கு கட்டளையிடும், கட்டளையை மீறுபவனைத் தடுக்க அதற்குக் கையில்லை. வட்டத்தின் நடுமேடையோ தானே தடையாக நிற்கிறது. மின்சாரம் நின்றாலும் அதன் வேலை நிற்பதில்லை. நள்ளிரவில் ஒருவருமில்லாத சாலையில் எவரையும் அது வீணே காக்க வைப்பதுமில்லை.

அமெரிக்காவிலேயே இதற்குச் சாட்சி உண்டு. இந்தியானா மாகாணத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் ஜனத்தொகையுள்ள கார்மல் என்பது ஒரு நகரம். 1996 முதல் 2023 வரை அதன் மேயராக இருந்த ஜேம்ஸ் பிரெய்னார்டு, மாணவராக இங்கிலாந்தில் இருந்தபோது வட்டங்களைக் கண்டவர். அவர் 1990-களின் பிற்பகுதியில் தொடங்கி விளக்குகளை ஒன்றொன்றாக அகற்றி, 150-க்கு மேற்பட்ட வட்டங்களை அமைத்தார். “இந்த ஊரார்க்கு இது ஒத்துவராது” என்ற வாதம் அங்கே அனுபவத்தால் தகர்ந்தது. அமெரிக்காவில் வட்டமாக மாற்றப்பட்ட 20-க்கு மேற்பட்ட சந்திப்புகளை 2000-ஆம் ஆண்டை ஒட்டி ஆராய்ந்தபோது, காயம் விளைவிக்கும் விபத்துகள் நான்கில் மூன்று பங்கு குறைந்திருக்கக் கண்டார்கள். கன்ஸாஸ், மேரிலண்டு, நெவாடா ஆகிய மூன்று மாகாணங்களில் வட்டம் கட்டுமுன் ஜனங்களைக் கேட்டபோது, அதனை ஆதரித்தவர் நூற்றுக்கு 31 பேர். கட்டி முடிந்து சில காலம் ஓட்டிப் பார்த்தபின் ஆதரித்தவர் நூற்றுக்கு 63 பேர். ஜனங்களின் ஆட்சேபம் அறியாமையால் வந்தது. அனுபவம் அதனை மாற்றிற்று.

மறுபுறம், விதி தெளிவாக இல்லாவிட்டால் நேரும் அனர்த்தத்துக்கும் அத்தேசமே உதாரணம். நியூஜெர்ஸி மாகாணத்தில் 1925 முதல் பெரிய வட்டங்கள் கட்டப்பட்டன. அவற்றில் யார் முந்துவது என்பதற்கு எல்லா இடங்களுக்கும் பொதுவான ஒரே விதி இல்லை. இடத்துக்கு இடம் வழக்கமே தீர்மானித்தது. ஊரானுக்குத் தெரிந்த வழக்கம் வெளியூரானுக்குத் தெரியாது. முடிவில் அவ்வட்டங்கள் பலவற்றை இடித்தெறிய நேர்ந்தது. பழி வட்டத்தின் மேல் விழுந்தது, குற்றம் விதியில்லாமையினுடையது.

எனினும் எதிர்க்கட்சியாரின் ஆட்சேபங்கள் யாவும் வீண் என்று நாம் சொல்ல மாட்டோம். வட்டத்தில் வண்டிகளின் ஓட்டம் இடையறாது இருப்பதால், கால்நடையாகச் செல்வோர்க்குச் சாலையைக் கடக்க உறுதியான தருணம் கிடைப்பதில்லை. கண்பார்வையற்றோருக்கு இஃது உண்மையான ஆபத்து. பல வரிசைகள் கொண்ட பெரிய வட்டத்தில் சைக்கிள்காரனின் நிலைமை பரிதாபகரமானது. ஹாலந்துக்காரர் இதனை உணர்ந்து, வட்டத்தைச் சுற்றிச் சைக்கிளுக்குத் தனிப்பாதை வகுத்து, ஊர்களுக்குள் பெரும்பாலும் சைக்கிளுக்கே முன்னுரிமை தந்திருக்கிறார்கள். 2020-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரும் அம்முறையை ஏற்று ஒரு வட்டத்தை அமைத்தது. மேலும், ஒரு சாலையில் மட்டும் வண்டிகள் வெள்ளமாக வந்தால் அடுத்த சாலையில் நிற்பவருக்கு நுழைய இடைவெளியே கிட்டாது. இங்கிலாந்திலேயே பெருஞ்சாலை வட்டங்கள் பலவற்றில் இதற்காக விளக்கும் வைத்திருக்கிறார்கள். நம்மவர் பலர் பிழைப்புக்காக வண்டி ஓட்டும் கத்தார் தேசத்தின் தலைநகரான தோஹாவிலும், வண்டிப் பெருக்கத்தைத் தாங்காமல் பெரிய வட்டங்கள் பல விளக்குச் சந்திப்புகளாக மாற்றப்பட்டன.

ஆகவே எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்று வட்டத்தைக் கொண்டாடுவதும் தவறு. வண்டிகள் மிதமாகவும், நான்கு திசையிலும் ஏறக்குறைய சமமாகவும் வருமிடத்தில் வட்டமே மேல். வெள்ளம்போல் வருமிடத்திலும், கால்நடைக் கூட்டம் மிகுந்த இடத்திலும் விளக்கு வேண்டும். இதனை அளந்து தீர்மானிப்பது இஞ்சினீயர்களின் கடமை. விதியைத் தெளிவாக வகுத்துக் கற்பிப்பது சர்க்காரின் கடமை.

ஆனால், “ஜனங்கள் திருந்த மாட்டார்கள்” என்ற சாக்கைச் சொல்லி இவ்விரு கடமைகளையும் தட்டிக்கழிப்பதை மட்டும் ஒப்புக்கொள்வதற்கில்லை. ஸ்வீடன் தேசத்தைப் பாருங்கள். அங்கே இடப்புறம் செல்வதை விட்டு வலப்புறம் மாறலாமா என்று 1955-இல் வாக்கெடுத்தபோது நூற்றுக்கு 80-க்கு மேற்பட்டோர் மறுத்துவிட்டனர். எனினும் பார்லிமெண்டு பின்னர் தீர்மானித்தபடி, 1967 செப்டம்பர் 3-ஆம் தேதி விடியற்காலை 5 மணிக்கு அத்தேசம் முழுவதும் ஒரே நேரத்தில் பக்கம் மாறிற்று. தலைமுறை தலைமுறையாகப் பழகிய வழக்கம் ஒரு காலைப்பொழுதில் மாறியது. இதற்கு முன்னதாகப் பல மாதங்கள் பள்ளிகளிலும் பத்திரிகைகளிலும் வானொலியிலும் ஓயாத போதனை நடந்தது என்பதை மறக்கலாகாது. ஆரம்பத்தில் எல்லோரும் எச்சரிக்கையாக இருந்தபடியால் விபத்துகள் குறைந்தன. எச்சரிக்கை தளர்ந்ததும் அவை பழைய அளவை நோக்கித் திரும்பின. போதனையைத் தொடர்ந்து நடத்த வேண்டும் என்பதற்கு இதுவும் பாடமாகும்.

ஒரு ஜனசமூகத்துக்கு ஒழுங்கு பிறவியிலேயே வாய்க்கிறது, மற்றொன்றுக்கு வாய்ப்பதில்லை என்ற வாதம் சாலையில் மட்டும் கேட்கப்படுவதன்று. அதைக் கேட்டுப் பழகியவர்கள் நாம். லண்டன், பாரிஸ், கார்மல், ஸ்டாக்ஹோம் ஆகிய நகரங்களின் நாற்சந்திகள் அவ்வாதத்துக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. நியாயமான விதியும், அதற்கேற்ற அமைப்பும், இடைவிடாத போதனையும் கூடினால் எந்த ஜனங்களும் ஒழுங்காக நடப்பார்கள். அம்மூன்றையும் தராமல் ஜனங்களைப் பழிப்பவர்கள், தங்கள் கடமையைச் செய்யாததற்கு ஜனங்களின் உயிரையே விலையாகக் கொடுக்கிறார்கள்.